எமுலேட்டர் ஆட்டங்களுக்கு மானிட்டரின் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பொருத்தும் முறை

பழைய கன்சோல் ஆட்டங்களைக் கணினியில் எமுலேட்டர் (கன்சோலைப் போலவே நடிக்கும் மென்பொருள்) வழியே ஆடுகிறவர்கள் ஒரு குறையைத் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. கணினி புதியது, கிராஃபிக்ஸ் கார்டு வலுவானது, திரையின் மூலையில் 60 ஃப்ரேம் என்ற எண்ணும் அசையாமல் நிற்கிறது. ஆனாலும் காட்சி பக்கவாட்டில் நகரும்போது சில நொடிகளுக்கு ஒரு முறை லேசாகத் தடுக்குகிறது. கணினியின் வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கன்சோல் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் வரைந்ததோ அந்த எண்ணும், மானிட்டர் நொடிக்கு எத்தனை முறை திரையைப் புதுப்பிக்கிறதோ அந்த எண்ணும் (இதுதான் ரெஃப்ரெஷ் ரேட், ஹெர்ட்ஸில் சொல்வார்கள்) ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதுதான் காரணம். இதைக் கேட்டதும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அப்படி மாட்டிய பல வீடுகளில் தடுக்கல் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கிறது. ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஆட்டங்களுக்கு மானிட்டரை ஆட்டத்தின் வேகத்துக்கு இழுக்க வேண்டியதில்லை. ஆட்டத்தை மானிட்டரின் வேகத்துக்கு ஒரு நூல் நகர்த்தினாலே போதும். அப்படி நகர்த்த முடியாத அளவுக்கு வேறுபாடு உள்ள சில ஆட்டங்களுக்கு மட்டுமே மானிட்டரின் ரெஃப்ரெஷ் ரேட்டில் கை வைக்க வேண்டும். எது எந்த வகை என்று தெரிந்துகொள்ள இரண்டு எண்கள் தேவை: கன்சோலின் எண் ஒன்று, மானிட்டரின் எண் ஒன்று.

கன்சோலின் எண்

எல்லாக் கன்சோலும் 60 ஹெர்ட்ஸ் என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, சரியாக 60-இல் ஓடியவை குறைவு. அமெரிக்க, ஜப்பானிய நின்டெண்டோ என்.இ.எஸ்., சூப்பர் நின்டெண்டோ ஆகிய இரண்டும் நொடிக்கு ஏறத்தாழ 60.0988 ஃப்ரேம் வரைந்தன. சேகாவின் மெகா டிரைவ் 59.92. கேம் பாயும் கேம் பாய் அட்வான்ஸும் 59.7275. தெருமுனைக் கடைகளில் காசு போட்டு ஆடிய பெட்டிகளில் வேறுபாடு இன்னும் அதிகம்: நியோ ஜியோ 59.1856, பேக்-மேன் 60.606, ஆர்-டைப் 55.02, முதல் மார்ட்டல் காம்பாட் 54.7068. கையடக்கக் கருவியான வண்டர்ஸ்வான் 75.47 வரை போகிறது. ஒவ்வொரு கருவியின் உள்ளேயும் துடிக்கும் கடிகாரத்தை, ஒரு ஃப்ரேமுக்கு ஆகும் துடிப்புகளால் வகுத்து வரும் எண்கள் இவை. கேம் பாயின் கடிகாரம் நொடிக்கு 41,94,304 முறை துடிக்கிறது, ஒரு ஃப்ரேமுக்கு 70,224 துடிப்புகள் செலவாகின்றன. வகுத்துப் பார்த்தால் 59.7275 வந்துவிடும்.

கோலாட்டத்தில் எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருவர் மட்டும் மிகச் சிறிதளவு விரைவாக அடித்தால், நெடுநேரம் கோல்கள் சேர்ந்தே தட்டுவதுபோல் இருந்து, ஏதோ ஒரு கணத்தில் ஒரு கோல் காற்றை அடிக்கும். திரையில் நாம் பார்க்கும் தடுக்கலும் அதுதான். அது எத்தனை நொடிக்கு ஒரு முறை வரும் என்பதையும் கணக்கிடலாம்: இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாட்டால் ஒன்றை வகுத்தால் போதும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் என்.இ.எஸ். ஆட்டம் ஓடினால் வேறுபாடு 0.0988, ஆகவே ஏறத்தாழப் பத்து நொடிக்கு ஒரு ஃப்ரேம் விடுபடும். கேம் பாய் ஆட்டத்தில் மூன்றே முக்கால் நொடிக்குச் சற்று முன்னதாகவே ஒரு ஃப்ரேம் இரண்டு முறை காட்டப்படும். நியோ ஜியோவில் ஒன்றேகால் நொடிக்கு ஒன்று. மார்ட்டல் காம்பாட்டில் நொடிக்கு ஐந்துக்கும் மேல். அதை யாராலும் பார்க்காமல் இருக்க முடியாது.

மானிட்டரின் எண்

மானிட்டரின் பெட்டியில் 60 என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற வரிசையில் சென்றால், எந்த மானிட்டர் எந்த ரெஃப்ரெஷ் ரேட்டில் ஓடுகிறது என்பது தசமப் புள்ளியோடு தெரியும். பல மானிட்டர்களிலும் பெரும்பாலான டிவிகளிலும் 59.94, 60.00 என இரண்டு தேர்வுகள் அடுத்தடுத்து இருக்கும். முதலாவது அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சி முறையிலிருந்து வந்த மிச்சம். மேலே சொன்ன வகுத்தலை இங்கே செய்து பார்த்தால், மெகா டிரைவுக்கு 59.94-உம் என்.இ.எஸ்.ஸுக்கு 60.00-உம் நெருக்கமானவை என்பது விளங்கும்: 60-இல் பதின்மூன்று நொடிக்கு ஒரு முறை தடுக்கும் மெகா டிரைவ் ஆட்டம், 59.94-இல் கிட்டத்தட்ட ஒரு நிமிடத்துக்கு ஒரு முறைதான் தடுக்கும். வேறு எதையும் தொடாமல் இந்த ஒரு மாற்றத்தோடு திருப்தி அடைந்துவிடுகிறவர்களும் உண்டு.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். அதே பக்கத்தில் டைனமிக் ரெஃப்ரெஷ் ரேட் என்ற ஏற்பாடு இயக்கப்பட்டிருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். அது தன் போக்கில் எண்ணைக் கூட்டிக் குறைக்கும். பேட்டரியில் ஓடும்போது மின்சாரத்தைச் சேமிப்பதற்காகச் சில லேப்டாப்கள் ரெஃப்ரெஷ் ரேட்டைத் தாமாகவே இறக்கிவிடுகின்றன. ஆகையால் சார்ஜரைச் செருகிவிட்டுத்தான் அளக்க வேண்டும். வெளி மானிட்டரும் லேப்டாப் திரையும் வெவ்வேறு ரேட்டில் ஓடினால், அளக்கும் நேரத்திலாவது லேப்டாப் திரையை அணைத்துவிடுவது நல்லது.

விண்டோஸ் காட்டும் எண் மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் எண். உண்மையில் ஓடும் எண்ணை, பல கன்சோல்களின் ஆட்டங்களையும் ஓட்டும் ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் அளந்து தரும். அதன் செட்டிங்ஸில் வீடியோ, அவுட்புட் பகுதிக்குள் எஸ்டிமேட்டட் ஸ்க்ரீன் ரெஃப்ரெஷ் ரேட் என்ற வரி இருக்கிறது. வி-சிங்க்கை (ஃப்ரேமை மானிட்டரின் துடிப்போடு சேர்த்துக் காட்டும் ஏற்பாடு) இயக்கி, முழுத்திரைக்குச் சென்று, பிரவுசர் முதலிய மற்றவற்றை மூடிவிட்டு, அந்த வரியின்மேல் நின்றபடி ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் விலகல் விழுக்காடும் எத்தனை மாதிரிகள் எடுக்கப்பட்டன என்பதும் ஓடிக்கொண்டிருக்கும். விலகல் குறைந்து, கடைசித் தசம இலக்கங்கள் குதிப்பதை நிறுத்திய பிறகு அந்த வரியை அழுத்தினால், அளந்த எண்ணே எமுலேட்டரின் கணக்கில் பதிவாகிவிடும். 59.951 என்றோ 60.017 என்றோ வருவது வியப்பில்லை. மலிவான மானிட்டர் இரண்டை அருகருகே வைத்தால் இரண்டும் ஒரே எண்ணைத் தருவது அரிது.

144 ஏன் உதவுவதில்லை

144-ஐ 60-ஆல் வகுத்தால் 2.4 வருகிறது. ஒரு ஃப்ரேமை 2.4 முறை காட்ட முடியாது ஆகையால், மானிட்டர் ஒரு ஃப்ரேமை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையுமாக மாற்றி மாற்றிக் காட்டும்; நகரும் காட்சி முழுவதும் நொண்டியடிக்கும். 165-உம் 75-உம் இதே கதைதான். 120, 180, 240 ஆகியவை 60-ஆல் மீதமின்றி வகுபடுவதால் அவை நல்லவை. ஆகவே 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர் எமுலேட்டருக்காக அதை 120-க்கு இறக்குவதுதான் முறை. அதன்பின் ரெட்ரோஆர்ச்சின் வீடியோ, சிங்க்ரொனைசேஷன் பகுதியில் வி-சிங்க் ஸ்வாப் இன்டர்வல் (ஒரு ஃப்ரேமை எத்தனை துடிப்புக்குக் காட்டுவது என்ற எண்) என்பதை 2 ஆக்குங்கள். 180 என்றால் 3, 240 என்றால் 4. புதிய பதிப்புகளில் இதை ஆட்டோ என விட்டுவிடவும் இடமுண்டு. அண்மைக் காலத்தில் அலுவலக மானிட்டர்கள்கூட 100 ஹெர்ட்ஸில் வருகின்றன. அவற்றை அமெரிக்க, ஜப்பானிய ஆட்டங்களுக்கு 60-க்கு மாற்றிக்கொள்ள வேண்டும், நொடிக்கு 50 ஃப்ரேமில் ஓடும் ஐரோப்பிய ஆட்டங்களுக்கு மட்டும் 100 மிகப் பொருத்தம்.

120-இல் பிளாக் ஃப்ரேம் இன்சர்ஷன் என்ற வசதியையும் பலர் உடனே இயக்கிப் பார்ப்பார்கள். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே கறுப்புத் திரையைச் செருகி நகர்வின் மங்கலைக் குறைக்கும் உத்தி அது. பலன் கண்கூடானது என்றாலும், எல்.சி.டி. மானிட்டர்களில் 120-இல் இதை நெடுநேரம் ஓட்டினால் திரையில் தற்காலிகமாகப் படிமம் ஒட்டிக்கொள்வதுண்டு. 180-இல் அந்தத் தொல்லை குறைவு. நான் இதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன்.

ஆட்டத்தை மானிட்டருக்கு இழுத்தல்

இனி முக்கியமான அமைப்புக்கு வருவோம். வி-சிங்க் இயக்கத்தில் இருக்கட்டும். செட்டிங்ஸில் ஆடியோ, சிங்க்ரொனைசேஷன் பகுதிக்குள் மூன்று வரிகளைப் பாருங்கள். ஆடியோ சிங்க்ரொனைசேஷன் இயக்கத்தில் இருக்க வேண்டும். மேக்ஸிமம் டைமிங் ஸ்கியூ 0.05 என்றும், டைனமிக் ஆடியோ ரேட் கன்ட்ரோல் 0.005 என்றும் இருக்க வேண்டும். இவை எமுலேட்டரோடு வரும் இயல்பு மதிப்புகள், யாரும் மாற்றியிராவிட்டால் அப்படியே இருக்கும்.

முதல் எண்ணின் பொருள்: ஆட்டத்தின் ரேட்டும் மானிட்டரின் ரேட்டும் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால், எமுலேட்டர் ஆட்டத்தை மானிட்டரின் வேகத்துக்கே ஓட்டிவிடும், ஒலியையும் அதற்கேற்ப நீட்டியோ சுருக்கியோ தரும். இரண்டாவது எண், ஒலித் தொட்டி நிரம்பி வழியாமலும் வற்றிப்போகாமலும் இருப்பதற்காக நொடிக்கு நொடி செய்யப்படும் நுண்ணிய திருத்தத்தின் எல்லை. இப்படி ஓடும்போது ஒவ்வொரு மானிட்டர் துடிப்புக்கும் ஆட்டத்தின் ஒரு ஃப்ரேம் துல்லியமாகக் கிடைப்பதால், விடுபடுதலோ இரட்டிப்போ இருக்காது. மானிட்டரின் எண்ணை அளந்து கொடுங்கள் என்று மேலே வற்புறுத்தியதும் இதற்காகத்தான்: தவறான எண்ணைக் கொடுத்தால் எமுலேட்டர் தவறான விகிதத்தில் ஒலியைச் சுருக்கும், சற்று நேரத்தில் கரகரப்பு கேட்கும்.

வேகம் மாறினால் ஆட்டம் கெட்டுப்போகாதா என்பது நியாயமான கேள்வி. என்.இ.எஸ். ஆட்டம் 60-இல் ஓடும்போது 0.16 விழுக்காடு மெதுவாகிறது. எந்தக் காதுக்கும் கைக்கும் அது எட்டாது. கேம் பாய் ஆட்டம் அரை விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக விரைகிறது. அதையும் கவனிக்கிறவர் அரிது. நியோ ஜியோ ஆட்டம் 1.4 விழுக்காடு விரைகிறது. அதன் இசை ஏறத்தாழ அரைச் சுரத்தில் கால் பங்கு ஏறி ஒலிக்கும். சுருதிப் பெட்டியோடு வளர்ந்த காதுள்ளவர்கள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அசல் இசையை மனப்பாடமாக அறிந்தவர்களுக்கும் உறுத்தும். எனக்கு இது தாங்கக்கூடிய எல்லைக்குள்தான் படுகிறது. நேரத்தை நொடியின் பகுதிவரை கணக்கிட்டு ஆடிச் சாதனை பதிவு செய்கிறவர்களுக்கு மட்டும் இந்த வழி ஆகாது. அவர்கள் கடைசியில் சொல்லப்போகும் வி.ஆர்.ஆர். முறைக்கு (மானிட்டரே ஆட்டத்துக்கேற்பத் தன் ரேட்டை மாற்றிக்கொள்ளும் முறை) செல்ல வேண்டும்.

மற்ற எமுலேட்டர்களிலும் இதே எண்ணம் வேறு பெயரில் இருக்கிறது. டக்ஸ்டேஷன், பி.சி.எஸ்.எக்ஸ்.2 இரண்டிலும் சிங்க் டு ஹோஸ்ட் ரெஃப்ரெஷ் ரேட் என்ற தேர்வு, மேமில் சிங்க்ரெஃப்ரெஷ், மெசனில் இன்டிஜர் எஃப்.பி.எஸ். மோட், இது 60.1-ஐ நேராக 60.0 ஆக்கிவிடுகிறது. மேமின் சிங்க்ரெஃப்ரெஷை இயக்கினால் 54.7-இல் ஓட வேண்டிய ஆட்டமும் 60-இல் பறக்கும். அத்தகைய ஆட்டங்களுக்கு அதை அணைத்து வையுங்கள்.

சரியாக அமைந்ததா என்பதைச் சோதிக்க, ஆடிப் பார்ப்பதைவிட 240பி டெஸ்ட் சூட் என்ற இலவச மென்பொருளை எமுலேட்டரிலேயே ஓட்டுவது நல்லது. என்.இ.எஸ்., சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ் முதலிய பல கருவிகளுக்கும் தனித்தனியாகக் கிடைக்கிறது, யாருடைய உரிமையையும் மீறாத நிரல். அதில் உள்ள ஸ்க்ரோல் சோதனையைத் தொடங்கி, கண்ணை ஓடவிடாமல் திரையின் நடுவில் ஒரே இடத்தில் நிறுத்தி, அந்த இடத்தைக் கடக்கும் செங்குத்து விளிம்புகளை மட்டும் அரை நிமிடம் கவனியுங்கள். அமைப்பு தவறாக இருந்தால் விளிம்பு ஒரு கணம் நின்று, பிறகு இழந்த தூரத்தைத் தாவிப் பிடிக்கும். சரியாக இருந்தால் பின்னணி முழுவதும் ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போகும். கணக்கிட்ட இடைவெளியும் கண்ணுக்குத் தெரியும் தடுக்கலின் இடைவெளியும் ஒத்துப்போனால் காரணம் ரெஃப்ரெஷ் ரேட் என்பது உறுதி. தடுக்கல் ஒழுங்கின்றி வந்தால், பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு நிரலையோ டிரைவரையோ சந்தேகியுங்கள்.

50 ஹெர்ட்ஸ் ஆட்டங்கள்

இந்தப் பகுதி நம்மவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். இந்தியத் தொலைக்காட்சி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையைச் சேர்ந்தது, நொடிக்கு 50. தொண்ணூறுகளில் டிவி கேம் என்ற பெயரில் நம் வீடுகளுக்கு வந்த, என்.இ.எஸ்.ஸை நகலெடுத்த பெட்டிகள் பால் டிவிகளில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. அந்த நினைவோடு எமுலேட்டரில் அமெரிக்கப் பதிப்பை ஓட்டுகிறவருக்கு ஆட்டம் விரட்டுவதுபோல் தோன்றினால் அது பிரமையன்று. ரெட்ரோஆர்ச்சுக்குள் என்.இ.எஸ். ஆட்டங்களை ஓட்டும் எஃப்.சி.இ.யு.எம்.எம். என்ற கோரின் (ஒரு கன்சோலுக்கான தனி நிரல்) ரீஜன் அமைப்பில் பால் என்றும் டெண்டி என்றும் இரண்டு தேர்வுகள் உள்ளன, இரண்டும் 50.007 ஹெர்ட்ஸ். டெண்டி என்பது ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டியின் பெயர். அந்த வகை நகல்களின் செயலி சற்று விரைவானது, ஆகவே இரண்டு தேர்வுகளையும் ஓட்டிப் பார்த்து உங்கள் நினைவில் உள்ள ஒலி எதில் வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

50-ஐ 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஓட்டினால் ஒவ்வோர் ஐந்தாவது ஃப்ரேமும் இரட்டிக்கும். வேறுபாடு 5 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதால் மேலே சொன்ன இழுப்பு முறை இங்கே வேலை செய்யாது. மானிட்டரையே 50-க்கோ 100-க்கோ மாற்ற வேண்டும். இந்தியாவில் விற்கும் டிவிகளில் இது மிக எளிது: எச்.டி.எம்.ஐ. வழியே 50 ஹெர்ட்ஸ் என்பது அவற்றுக்குத் தாய்ப்பால் மாதிரி, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பட்டியலில் தானாகவே வந்து நிற்கும். டிவியில் கேம் மோடை மட்டும் மறக்காமல் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் கைக்கும் திரைக்கும் இடையே தாமதம் தெரியும். ரெட்ரோஆர்ச்சில் ஆட்டோமேட்டிக் ரெஃப்ரெஷ் ரேட் ஸ்விட்ச் என்ற வசதியை இயக்கினால், பால் ஆட்டத்தைத் திறக்கும்போது 50-க்கும் மூடும்போது பழைய நிலைக்கும் அதுவே மாற்றிக்கொள்ளும்.

மானிட்டர்களில்தான் சிக்கல். அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்ட பல மானிட்டர்களின் செங்குத்து அலைவரிசை எல்லை 56 முதல் 76 வரைதான். 50-ஐக் கொடுத்தால் அவுட் ஆஃப் ரேஞ்ச் என்று கறுப்புத் திரை காட்டும். பெங்களூரில் ஐ.டி. நிறுவனங்கள் கழித்துக்கட்டும் மானிட்டர்கள் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் குவிவதால், நம்மில் பலர் வாங்குவதும் இவற்றைத்தான். வாங்குமுன் மாடல் எண்ணை வைத்து அந்த எல்லையைத் தேடிப் பாருங்கள். லேப்டாப்பைக் கையோடு எடுத்துச் செல்வது இன்னும் நல்லது. டவுன் ஹால் பக்கமுள்ள அந்தக் கடைகளில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. "அண்ணா, ஒரு நிமிஷம் என் லேப்டாப்புல மாட்டிப் பார்த்துக்கறேன்" என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், "பார்த்துக்குங்க சார், ஆனா டிஸ்ப்ளே போர்ட் கேபிள் தனி ரேட்டு" என்பது மட்டும் கூடவே வரும். அந்த ஒரு நிமிடத்தில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பட்டியலைத் திறந்து 50, 100, 120 ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். கேபிளைப் பற்றிய கறார் நியாயமானதே: பழைய எச்.டி.எம்.ஐ. துளையில் 60-ஐத் தாண்டாத மானிட்டர், அதன் டிஸ்ப்ளே போர்ட்டில் 144 வரை போவது சாதாரணம்.

பட்டியலில் 50 இருந்தாலும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. சில மானிட்டர்கள் 50-ஐ ஏற்றுக்கொண்டு, உள்ளே 60 ஆகவே மாற்றி வரையும். விண்டோஸ் 50 என்று சொல்லும், தடுக்கல் மட்டும் போகாது. டெஸ்ட் யு.எஃப்.ஓ. தளத்தில் ஃப்ரேம் ஸ்கிப்பிங் சோதனையைத் திறந்து, கைப்பேசிக் கேமராவின் புரோ அமைப்பில் ஷட்டரைப் பத்தில் ஒரு நொடிக்கு வைத்துத் திரையைப் படமெடுங்கள். கட்டங்கள் இடைவெளியின்றி வரிசையாக ஒளிர்ந்திருந்தால் மானிட்டர் எந்த ஃப்ரேமையும் விழுங்கவில்லை என்று பொருள். நடுவே ஓட்டை விழுந்திருந்தாலோ, ஒரு கட்டம் மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்றிருந்தாலோ அந்த ரேட்டை நம்ப வேண்டாம்.

பட்டியலில் இல்லாத ரேட்டை உருவாக்குதல்

54.7, 55.02, 59.1856 போன்ற எண்களை மானிட்டருக்கு நாமே கற்றுக்கொடுக்க வேண்டும். என்விடியா கார்டு என்றால் அதன் கன்ட்ரோல் பேனலில் சேஞ்ச் ரெசொல்யூஷன் பகுதியின் கஸ்டமைஸ் பொத்தானுக்குள்ளும், ஏ.எம்.டி. என்றால் அட்ரினலின் மென்பொருளின் டிஸ்ப்ளே பகுதியிலும் இதற்கு இடம் இருக்கிறது. பெரும்பாலான கார்டுகளில் கஸ்டம் ரெசொல்யூஷன் யுட்டிலிட்டி என்ற சிறிய இலவச மென்பொருளையும் பயன்படுத்தலாம்.

கணக்கு இப்படி: பிக்சல் கிளாக்கை (நொடிக்கு அனுப்பப்படும் புள்ளிகளின் எண்ணிக்கை), திரையில் தெரியாத ஓரங்களையும் சேர்த்த கிடைமட்ட மொத்தமும் செங்குத்து மொத்தமும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் ரெஃப்ரெஷ் ரேட். 1920-க்கு 1080 திரையின் வழக்கமான அமைப்பில் இந்த மொத்தங்கள் 2200, 1125, பெருக்கினால் 24,75,000. பிக்சல் கிளாக் 148.50 மெகாஹெர்ட்ஸ் என்றால் சரியாக 60 வரும். நியோ ஜியோவுக்கு வேண்டிய 59.1856-ஐ 24,75,000-ஆல் பெருக்கினால் 146.484 மெகாஹெர்ட்ஸ், பிக்சல் கிளாக்கை 0.01 படிகளில்தான் மாற்ற முடியும் என்பதால் 146.48 என்று கொடுக்கிறோம், 59.1838 கிடைக்கிறது. ஒன்பது நிமிடத்துக்கு ஒரு ஃப்ரேம் வேறுபாடு; அதையும் ஆடியோ ரேட் கன்ட்ரோல் தின்றுவிடும். மார்ட்டல் காம்பாட்டுக்கு 135.40 கொடுத்தால் 54.7071, இதைவிட நெருக்கம் தேவையில்லை. மொத்தங்களைத் தொடாமல் பிக்சல் கிளாக்கை மட்டும் மாற்றுவது பாதுகாப்பானது. உங்கள் மானிட்டரின் கீழ் எல்லை 56 என்றால் 54.7 ஏறாது, ஆனால் 120-க்கு மேல் போகும் மானிட்டராக இருந்தால் அதை இரட்டித்து 109.41 என்று உருவாக்கி, ஸ்வாப் இன்டர்வலை 2 ஆக்கலாம். டிவிகளில் இந்த முயற்சியே வேண்டாம்; வழக்கமான எண்களைத் தவிர மற்றவற்றைப் பெரும்பாலான டிவிகள் ஏற்பதில்லை.

விண்டோஸின் பட்டியலிலிருந்து ரேட்டை மாற்றும்போது திரை இருண்டுவிட்டால் பயப்பட வேண்டாம். நாம் உறுதி செய்யாவிட்டால் பதினைந்து நொடியில் பழைய நிலைக்கு அதுவே திரும்பிவிடும். கஸ்டம் ரெசொல்யூஷன் யுட்டிலிட்டியில் அந்த வசதி கிடையாது. அதோடு வரும் ரீசெட்-ஆல் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்; திரை வராவிட்டால் விண்டோஸைச் சேஃப் மோடில் திறந்து அதை ஓட்டினால் எல்லாம் அழிந்து தொடக்க நிலை வந்துவிடும்.

வி.ஆர்.ஆர். உள்ளவர்களுக்கு

ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் (வி.ஆர்.ஆரின் இரண்டு வகைகள்) உள்ள மானிட்டர் இருந்தால் முந்தைய பகுதியின் கணக்குகள் எதுவும் தேவையில்லை. மானிட்டர் தன் துடிப்பை ஆட்டத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும், 54.7 ஆனாலும் 59.19 ஆனாலும் அசல் வேகம், அசல் சுருதி, தடுக்கலும் இல்லை. புதிதாக வாங்குகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். என்விடியா கார்டுகளும் 2019 ஜனவரியிலிருந்து ஃப்ரீசிங்க் மானிட்டர்களோடு டிஸ்ப்ளே போர்ட் வழியே ஒத்துழைக்கின்றன, ஜி.டி.எக்ஸ். 10 வரிசையும் அதற்குப் பிந்தியவையும் என்றால். மானிட்டரின் மெனுவிலும் டிரைவரிலும் அதை இயக்கி, டெஸ்க்டாப்பை மானிட்டரின் உச்ச ரேட்டிலேயே வைத்துவிட்டு, ரெட்ரோஆர்ச்சின் வீடியோ, சிங்க்ரொனைசேஷன் பகுதியில் சிங்க் டு எக்ஸாக்ட் கன்டென்ட் ஃப்ரேம்ரேட் என்பதை இயக்குங்கள். ஸ்வாப் இன்டர்வலை 1-க்குத் திருப்பிவிட வேண்டும்.

மானிட்டரின் வி.ஆர்.ஆர். எல்லை 48-இல் தொடங்கினால் 50 ஹெர்ட்ஸ் ஆட்டங்களும் உள்ளே அடங்கும்; 55 அல்லது 60-இல் தொடங்கும் மாடலைத் தவிர்க்கலாம். உச்ச ரேட் கீழ் எல்லையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தால், ஆட்டத்தின் ரேட் அந்த எல்லைக்குக் கீழே போகும்போது ஃப்ரேம்களை இரட்டித்துக் காட்டும் வசதி கைகொடுக்கும். வி.ஏ. வகைத் திரைகள் சிலவற்றில் வி.ஆர்.ஆர். ஓடும்போது இருண்ட காட்சிகள் லேசாக மினுங்கும். பொறுக்க முடியாவிட்டால் வி.ஆர்.ஆரை அணைத்து 120-க்குத் திரும்புவதுதான் வழி.

ஒவ்வொரு கன்சோலுக்கும் தனி அமைப்பு வேண்டியிருப்பதால், மாற்றங்களைப் பொது அமைப்பில் சேமிக்காதீர்கள். ஆட்டம் ஓடும்போது குவிக் மெனுவில் ஓவர்ரைட்ஸ் பகுதிக்குச் சென்று, கோருக்கு மட்டும் அல்லது அந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் சேமிக்கும் தேர்வைப் பயன்படுத்துங்கள். நாமே உருவாக்கிய ரேட்டுகள் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கும்போது சில சமயம் மறைந்துவிடும். கஸ்டம் ரெசொல்யூஷன் யுட்டிலிட்டியின் எக்ஸ்போர்ட் பொத்தானால் அவற்றை ஒரு கோப்பாக எடுத்து வைத்திருந்தால், புதுப்பித்த பிறகு இம்போர்ட் செய்து, கூடவே வரும் ரீஸ்டார்ட்64 கோப்பை ஒரு முறை ஓட்டினால் பழையபடி பட்டியலில் வந்துவிடும்.